மண்ணுக்குள் போன சிம்

பூண்டுலோயா பஜாரின் கடைசிக் கடையும் வளைவில் மறைந்த பிறகுதான் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பவில்லை. தலவாக்கலைப் பக்கம் போகும் ரோட்டில் நடந்துகொண்டேயிருந்தேன். தூறல்தான். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு கம்பளி. மத்தியானம் சோறு தின்று கை கழுவியதும் முதலாளியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கண்டியில் லொறி, பிறகு மரக்கறித் தோட்டம் என்று எங்கேயும் ஊன்றி நிற்காதவன் என்பது அவருக்குத் தெரியும். இந்தக் கடையில்தான் கொஞ்சம் அதிகமாக இருந்துவிட்டேன்.

அது ஒரு போன் கடை. போனுக்கு ரீலோட் காசு போடுவது, உடைந்த கண்ணாடி மாற்றுவது, போட்டோ கொப்பி எடுப்பது எல்லாம் உண்டு. என்னுடைய வேலை பாட்டு அடிப்பது. விரல் நகம் அளவு சிப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் கிடக்கும் பாட்டுகளை அதற்குள் ஏற்றிக் கொடுப்பேன். பஸ் டிரைவருக்கு ஒரு மாதிரி, ஆட்டோக்காரருக்கு ஒரு மாதிரி. திருவிழாவுக்குச் சாமிப் பாட்டு. சாவு வீட்டுக்குத் தனியாக ஒரு பாட்டுக் கட்டு வைத்திருந்தேன், யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், முகத்தைப் பார்த்தே ஏற்றிக் கொடுத்துவிடுவேன்.

இது திருட்டு என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பாட்டைச் சரியான விலை கொடுத்து வாங்குகிற கடை என்று ஒன்றை நான் பார்த்ததேயில்லை. கெசட் காலத்திலும் வெறும் கெசட்டைக் கொடுத்துப் பதிந்து வாங்கினோம். இப்போது போனிலேயே காசு கட்டிப் பாட்டு கேட்கலாம் என்கிறார்கள். கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ரீலோட்டிலிருந்து மாதாமாதம் வெட்டிக்கொள்ளும். ஒரு மாதம் ரீலோட் இல்லையென்றால் அன்றைக்கே பாட்டு ஊமையாகிவிடும். நம்பரை மாற்றினாலும் அப்படித்தான். இதை நான் ஆட்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "அப்ப நான் வாங்குன பாட்டு எங்க தம்பி?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் ஒரு மனிதர் முதல்முறையாகக் கடைக்கு வந்தபோதும் பாட்டு அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். தாடி மழிக்காமல் இருந்தார். அவருடைய மனைவி மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கிளம்பிக் கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வருசா வருசம் யாராவது ஒருவர் அப்படிப் போகிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஒரு பேர் குறையும், அவ்வளவுதான்.

புத்தம்புதுச் சிப் ஒன்றை மேசையில் வைத்தார். தன் மனைவி பாடிய பாட்டை இதில் ஏற்றித் தர வேண்டும் என்றார்.

அவள் பாடுவது எனக்கும் தெரியும். போனில் ஒரு பாட்டு ஆப் இருக்கிறது. சினிமாப் பாட்டின் இசை மட்டும் ஓடும், பாட்டை நாம் பாட வேண்டும். இரண்டு பேர் பாடும் பாட்டென்றால் பெண் பாதியை இங்கே ஒருத்தி பாடிப் போட்டு வைக்கலாம், ஆண் பாதியை எங்கோ இருக்கிற ஒருவன் பாடிச் சேர்ப்பான். வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். வேலை விட்டு வந்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், அவள் அங்கே போய் உட்கார்ந்து பாடுவாள். லயத்தில் சும்மா இருப்பார்களா? "ஒனக்கென்னப்பா, ஒம் பொண்டாட்டிக்கு மலேசியாவுல ஒரு மாப்பிள்ள, மெட்ராஸ்ல ஒரு மாப்பிள்ள" என்று இவரைச் சீண்டியிருக்கிறார்கள். இவரும் அந்த நேரத்தில் வேண்டுமென்றே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அவள் குரலை ஒரு தடவை ஒழுங்காகக் கேட்க வேண்டும், கருமாதிக்கு முன்னால் தனக்கு அது வேண்டும் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கடைப் போனில் அந்த ஆப்பைப் போட்டுத் தேடினேன். சிரமமில்லாமல் கிடைத்தது. அவளுடைய படம், கீழே வரிசையாகப் பாட்டுகள். ஒன்றைத் தொட்டேன். பாடினாள். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அதை வெளியே எடுப்பதுதான் முடியவில்லை. யாரும் கேட்கலாம், ஆனால் பாடியவர் மட்டும்தான் இறக்கிக்கொள்ள முடியும். பாடியவர் என்று காட்ட, அவளுடைய நம்பருக்கு ஒரு கோட் வரும், அதை அடிக்க வேண்டும். அந்த நம்பர் இருக்கிற போனைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

"போன் அவகிட்டதாங்க தம்பி இருக்கு."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் ஆட்கள் பெட்டி மூடுவதற்கு முன்னால் செத்தவருக்குப் பிடித்ததை உள்ளே வைப்பார்கள். வெற்றிலைப் பை வைப்பார்கள், சாராயப் போத்தல்கூட வைப்பார்கள். இவளுக்குப் பிடித்தது அந்தப் போன். பெரியவர்கள் சொல்ல, இவரே அதைத் துடைத்து, காதில் மாட்டுகிற வயரைச் சுற்றி, கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சிம் அதற்குள்தான் இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

"பொதச்சிட்டு வந்து கூப்பிட்டுப் பாத்தேன். மொதல்ல ரிங் போச்சு. அப்பறம் நின்னு போச்சு" என்றார்.

போன் கம்பெனியில் கேட்டால் அதே நம்பருக்கு வேறு சிம் தருவார்கள் என்றேன். மறுநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரோடு நானும் நுவரெலியாவுக்குப் போனேன். மரணச் சான்றிதழ், அவளுடைய அடையாள அட்டை எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ரம்பொடையைத் தாண்டி ஏறும்போது வாந்தி வருகிறது என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டார். கவுண்டரில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசியது. நான் சிங்களத்தில் விவரம் சொன்னேன். தட்டிப் பார்த்துவிட்டு, அந்த நம்பர் செத்துப்போனவருடைய பேரில் இல்லை என்றது. யார் பேரில் இருக்கிறது என்று சொல்லவும் அதற்கு அனுமதியில்லை. அந்த ஆள் வந்தால் தரலாம்.

கோயில் திருவிழாவில் பெரிய குடை விரித்துச் சிம் விற்றவர்களிடம் வாங்கியது அது. அட்டையெல்லாம் கேட்கவில்லை, வேறு யாருடைய அட்டைக் கொப்பியையோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பாதிச் சிம் அப்படித்தான். யார் பேரிலோ பேசிக்கொண்டிருப்போம்.

வெளியே படியில் நின்று, "தோண்டிப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். மழை மண், போன் ஊறிப் போயிருக்கும் என்றேன். ஆமா என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வேலைகளையெல்லாம் செய்து பார்த்தேன். திரையில் ஓடுவதைப் பிடித்து வைக்கும் வழி ஒன்று உண்டு. அப்படிப் பிடித்தால் படம் கறுப்பாகவும் சத்தம் இல்லாமலும் வந்தது. திருடாமல் இருக்க அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பயந்து போட்ட பூட்டு அது, அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடைசியில் ஒரு போனில் பாட்டை ஓடவிட்டுப் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிந்தேன். காற்றுக்குப் பூட்டுப் போட முடியாதே என்று சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

ஆனால் கடை தகரக் கூரை. மழை விழுந்துகொண்டிருந்தது, பஸ்காரன் வேறு ஹோர்ன் அடித்தான். போட்டுக் கேட்டபோது அவள் தண்ணீருக்கு அடியில் கிடந்து பாடுகிற மாதிரி இருந்தது.

"வேணாம் தம்பி, இத அழிச்சிருங்க. அவ இப்படியா பாடுனா?"

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், மழை இல்லையென்றால் உள்ளே இருந்து எல்லாப் பாட்டையும் நிதானமாகப் பதியலாம் என்று பேசிக்கொண்டோம். அதுவரைக்கும் வேலை விட்டு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடைப் போனைக் காதில் வைத்து ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போவார். ஒன்றுக்கு மேல் கேட்கமாட்டார். மிச்சம் இருக்கட்டும் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆப்பைத் திறந்தேன். அவளுடைய படம் இருந்தது. பாட்டுகளின் பேர் இருந்தது, எல்லாம் சாம்பல் நிறமாக. முதலாவதைத் தொட்டேன். இந்தப் பாட்டின் உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி இது நீக்கப்பட்டது என்று வந்தது. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் அதுதான். வேறு ஆட்களின் பக்கம் போய்ப் பார்த்தேன், அவர்கள் பாடியதும் போயிருந்தது. இசை வைத்திருக்கிற கம்பெனிக்கும் ஆப்காரர்களுக்கும் ஏதோ சரிவரவில்லை போலிருக்கிறது. இசையை எடுத்தபோது அதற்கு மேல் பாடியிருந்த எல்லோருடைய குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு வாசித்துச் சொன்னேன். போனை வாங்கி, கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்துப்போன விரலால் ஒவ்வொன்றாகத் தானே தொட்டுப் பார்த்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் தொட்டார். பிறகு கேட்டார்.

"பாட்டு அவங்களோடது. சரி. கொரல் அவளோடது தானே?"

"ஆமாண்ணே."

"அத மட்டும் கழட்டித் தர மாட்டாங்களா?"

எழுதிக் கேட்கலாம் என்று நான் எழுதினேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில். அந்த ஆப்புக்கு எங்கே ஆபீஸ் என்றுகூடத் தெரியாது. உங்கள் செய்திக்கு நன்றி என்று ஒரு பதில் உடனே வந்தது. அது மெஷின் அனுப்புவது.

"நம்ம லயத்துக் காம்பரா வீடு மாதிரிதான் அப்ப" என்றார். "நாலு தலைமொறையா இருக்கோம். ஆணி அடிச்சுப் படம் மாட்டியிருக்கோம். தோட்டக் கம்பெனி எறங்குன்னா எறங்கணும்."

கருமாதிக்கு, சாவு வீட்டுக்கென்று நான் வைத்திருந்த பாட்டுக் கட்டைத்தான் போட்டார்கள். மொட்டை அடித்துக்கொண்டு அவர் லவுட் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எதையும் கேட்கிற முகம் இல்லை அது.

அதற்கப்புறமும் அவர் கடைக்கு வந்தார். உள்ளே வருவதில்லை, வாசலில் நிற்பார். நான் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவேன். போய்விடுவார். நான் கிளம்பிய அன்று காலையும் வந்தார். அன்று கடையில் முதலாளி இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "வருத்தப்படாதீங்க. மாசாமாசம் ஒரு பேக்கேஜ் போட்டா அவங்க பாடுன எல்லாப் பாட்டும் ஒங்க போன்லயே கேக்கலாம், படத்துல பாடுனவங்க கொரல்லயே. இன்னும் நல்லா இருக்கும்" என்றார். உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அந்தப் பாட்ட வச்சுக்கிட்டு நான் என்னங்க மொதலாளி செய்ய?"

எழுந்து வெளியே போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி வரமாட்டார் என்று தெரிந்தது. புதுச் சிப் மேசை இழுப்பறையில் கிடந்தது. வெறும் சிப். அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடலாமா என்று நினைத்தேன், கொடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த ஆள் பென் டிரைவ் ஒன்றை நீட்டி, சோடிப் பாட்டாக அடித்துத் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். அவள் பெண் பாதியைப் பாடியிருந்த பாட்டுகளும் அதில் இருந்தன. கொடுத்த பிறகு சோறு தின்றேன். பிறகுதான் முதலாளியிடம் சொன்னேன்.

தலவாக்கலைக்குப் பாதி வழியில் ஒரு மரக்கறி லொறி நின்று ஏற்றிக்கொண்டது. டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். நான் பின்னால் வெறும் சாக்குகளோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் பட்டிப்பொலப் பக்கம் போகிறவர். அங்கேயே நானும் இறங்கி, மரக்கறி மூட்டை அடுக்கும் கொட்டிலில் கேட்டுப் படுத்தேன். குளிரில் சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் அந்தக் கொட்டில்காரரே கரட் கழுவுகிற இடத்தில் ஆள் வேண்டும் என்றார். பெரிய உருளைக்குள் கரட்டைக் கொட்டி, மோட்டர் சுற்ற, தண்ணீர் அடித்து மண்ணை எடுக்கிற வேலை. சிங்களவர்களும் எங்கள் ஆட்களும் கலந்து நின்றார்கள். கழுவியதைத் தரம் பிரிக்கிற இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் மூட்டை கட்டலாம், இல்லாவிட்டால் மோட்டர்ப் பக்கம் நிற்கலாம் என்றார்கள். மோட்டர்ப் பக்கம் யாரும் விரும்பி நிற்பதில்லையாம், சாயங்காலம் வரைக்கும் காதில் வேறு எதுவும் விழாதாம். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டர்ப் பக்கம் போய் நின்றேன்.