கேட்காமல் வந்த அனுமதி

ராணுவக்காரன் அனுமதிச் சீட்டை இயந்திரத்தில் காட்டிவிட்டு, போ என்று தலையை அசைத்தான். ரஸ்மிய்யா நகரவில்லை. அவன் மறுபடி அசைத்தான். வேலிக் கதவருகே அவள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஐவரையும் அவன் அப்போதுதான் திருப்பியிருந்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வேலியைத் தாண்டித் தன் நிலத்துக்கு நடந்தாள்.

மூன்று வருஷம் விண்ணப்பித்தாள். மூன்று வருஷமும் இல்லை என்றார்கள். இந்த வருஷம் அலுத்துப்போய் விண்ணப்பிக்கவே இல்லை. அனுமதி வந்துவிட்டது. யாருக்காவது இப்படி ஏதாவது கிடைத்தால், பதிலுக்கு ராணுவத்துக்கு என்ன கொடுத்தான் என்றுதான் ஊர் கேட்கும். அவளும் கேட்டவள்தான். பக்கத்துத் தெருப் பையனுக்கு வைத்தியத்துக்குப் போக அனுமதி கிடைத்தபோது, அவன் அம்மாவுக்கு இரண்டு மாதம் சலாம் சொல்லாமல் இருந்தாள்.

இருபத்தேழு ஒலிவ மரங்கள். ஊருக்கும் நிலத்துக்கும் நடுவே ராணுவம் வேலி போட்ட மறுவருஷம் புருஷன் இறந்தான், பிள்ளை இல்லை. மண்ணைக் கிளறாமல் இன்னும் கொஞ்சநாள் விட்டால், தரிசு என்று எழுதி அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். மதியம்வரை ஏழு மரங்களின் அடியைக் கொத்தினாள். எட்டாவது மரத்தருகே எல்லைக்கல்லில், நிலம் அளப்பவர்கள் வைக்கும் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. தொட்டாள். இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மதியம் கதவு திறக்கும் நேரத்துக்குத் திரும்பினாள்.

கதவுக்கு வெளியே உம்மு கத்தாப் இன்னும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். காலையில் திருப்பப்பட்ட ஐவரில் ஒருத்தி; பக்கத்து வீட்டுக்காரி, முப்பது வருஷப் பழக்கம்.

"எங்க சீட்டு மட்டும் அந்த மெஷினுக்குக் கசக்குதாம். உன்னோடதுல என்ன தேன் தடவி வச்சிருக்க?"

"நக்கிப் பாரு."

உம்மு கத்தாப் சிரிக்கவில்லை. நகர்ந்து இடமும் விடவில்லை.

வீட்டு வாசலில் இனிப்புப் பெட்டியோடு நாயிஃப் நின்றிருந்தான். அண்ணன் மகன், அம்மான் நகரத்திலிருந்து வந்திருந்தான். ஆறு வருஷமாக எட்டிப் பார்க்காதவன். அவள் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்தான்.

பெண் கேட்க வருகிறவர்கள் அப்படி வைப்பார்கள். கொலைப் பகை தீர்க்க வரும் பெரியவர்கள் வைப்பார்கள். கேட்டது கிடைத்த பிறகே குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டுக்கு மானக்கேடு. சொந்த அத்தையிடம் யாரும் இப்படிச் செய்ததில்லை.

துருக்கிக்காரன் ஆண்ட காலத்து நிலப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தான். அது அவள் இடுப்பில், துணிப்பைக்குள் இருந்தது. எங்கேயோ இருக்கிறது என்றாள். நிலத்தை அவள் பேரில் உறுதியாகப் பதிந்து தர ஒரு வக்கீல் இருப்பதாகச் சொன்னான்.

"ரெண்டே நாள் அத்தை. பாத்துட்டுத் திருப்பித் தந்துடுவார்."

"எந்த வக்கீலு?"

"உங்களுக்குத் தெரியாதவர்."

"தெரியாதவருக்கு என்மேல என்ன அக்கறை?"

"இந்த வருஷம் அனுமதி எப்படி வந்துச்சுன்னு நினைக்கறீங்க?"

அவள் விரலில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். அவனைச் சின்ன வயதில் இந்த விரலைப் பிடித்துத்தான் தெருவில் நடத்தினாள். ஒருவேளை உண்மையாகவே நல்லது செய்கிறானோ? அப்படியானால் வக்கீலின் பேரைச் சொல்ல என்ன தடை?

"ஆறுது, குடி."

"வாக்குக் குடுங்க, குடிக்கறேன்."

அவள் கொடுக்கவில்லை. காப்பி ஆறி, பொடி அடியில் படிந்தது. அவன் எழுந்து, தெருவில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, அத்தை வீட்டில் ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆறு பத்துக்குக் கதவு திறந்தது. ராணுவக்காரன் சீட்டை இயந்திரத்தில் காட்டினான், மறுபடி காட்டினான், ரத்தாகிவிட்டது என்றான். ரஸ்மிய்யா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மற்ற ஐவருக்கும் இல்லை என்றான். கதவு ஆறரைக்குச் சாத்தப்பட்டது. உம்மு கத்தாப் கல்லின்மேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ரஸ்மிய்யா உட்கார்ந்தாள். பத்திரம் இடுப்பில் உறுத்தியது.