அண்ணன் வேகப்படுத்திய கம்ப்யூட்டர்

என் அண்ணி வீடியோ வெட்டி ஒட்டுகிறவர். எடிட்டர் என்று சொன்னால் எந்தப் பத்திரிகை என்று கேட்கிறார்கள் என்பதால் யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார். பள்ளி ஆண்டுவிழா, கடைத் திறப்பு, வீடு விற்கிறவர்களுக்கு ஈரச்சுவர் தெரியாமல் ஒரு படம், எது வந்தாலும் செய்வார். மேடையில் விட்ட கொட்டாவியையும் மூக்குக்குள் போன விரலையும் அண்ணி வெட்டி எறிந்த புண்ணியத்தில்தான் ஊரில் பல பெரிய மனிதர்கள் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள்.

அண்ணிக்கு 'அவர்' போடுகிறேன். என் அண்ணனை 'அவன்' என்றுதான் சொல்லப்போகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அவன் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அவனுக்கு 'ஐடியா' என்று பட்டப்பெயர். யாரும் கேட்காமலே யோசனை சொல்வான். மின்விசிறியைச் சுவரில் மாட்டினால் காற்று நேராக வரும் என்று அவன் சொல்லி, மாட்டி, மேலதிகாரியின் மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் சன்னல் வழியாகத் தெருவுக்குப் போனதாகக் கேள்வி. இன்னும் சில வந்து சேரவில்லை.

அண்ணியின் வேலை துணி காயப்போடும் அறையில் நடந்தது. கொடியில் தொங்கும் சட்டைகளுக்குக் கீழே ஒரு மேஜை, அதன்மேல் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டர், அதற்குக் காற்று வீச ஒரு சின்ன ஃபேன். படத்தை ஓட்டினால் ஓடாது. பந்தயத்தில் ஓடுகிற பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். அண்ணி அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். அந்தக் கால் இறங்கியிருக்காது.

கடைசியில் ரிப்பேர்க்காரரை வரவழைத்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே டிஸ்க்ல எல்லாத்தையும் போட்டு வெச்சிருக்கீங்கம்மா. படத்த அதுலேருந்தே எடுக்கணும், பாதி வேலைய அதுலயே வெக்கணும், முடிச்சதையும் அதுலயே எழுதணும். உள்ள இருக்கிற முள்ளு இங்கயும் அங்கயும் ஓடியே செத்துடும்."

"என் கதைதான்," என்றார் அண்ணி.

ரிப்பேர்க்காரர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர் எழுந்து நிற்கவும் எடிட்டிங் மென்பொருளுக்கும் ஒரு சின்ன, வேகமான டிஸ்க். பாதி வேலையில் உண்டாகும் கோப்புகளுக்கு அதேபோல் இன்னொன்று. கேமராவிலிருந்து வரும் அசல் படத்துக்கு ஒரு பெரிய டிஸ்க், முடித்த படத்துக்கு மற்றொரு பெரிய டிஸ்க். அன்றைக்கு அந்தப் பிள்ளை காலை இறக்கினான். ஓடினான். மூன்றாவதாக வந்தான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணி வேலை இல்லாதபோதும் போய் உட்கார்ந்து, படத்தை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா வந்தது. அசல் படம் மலைபோல இருந்ததால், அண்ணி அதற்குச் சின்ன அளவில் இலேசான நகல்களை உண்டாக்கி இரண்டாவது சின்ன டிஸ்க்கில் வைத்துக்கொண்டார். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அந்த நகல்களில். கடைசியில் அசலை அந்த இடத்தில் வைத்தால் படம் பளிச்சென்று வந்துவிடும். அசல் ஒரு பெரிய டிஸ்க்கில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற பெரிய டிஸ்க்கிலும் அதன் ஒரு பிரதியைப் போட்டு வைத்தார். கேமராக்காரர் தன் கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த விழாவுக்குப் போய்விட்டார்.

படம் முடிகிற நேரத்தில் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டரிடம் போனார். அண்ணன் அன்று லீவில் இருந்தான். அலுவலகத்தில் யாரோ அவனிடம், இரண்டு டிஸ்க்கை ஒன்றாக இணைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது பொய்யும் இல்லை. இணைக்கும்போது, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் பயமுறுத்தும் என்று இவன் தொடர்ந்துவிட்டான். போதாக்குறைக்கு, வேகத்தைச் சோதிக்க அலுவலகச் சுற்றுலா வீடியோக்களை அதன்மேல் திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறான். நான் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே விசில் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி பாதி வாய் மரத்துப்போய் வந்து சேர்ந்தார்.

"வா வா. ரெண்டு பெரிய டிஸ்க்கையும் ஒண்ணாக்கிட்டேன். இப்ப டபுள் ஸ்பீடு!" என்றான் அண்ணன்.

"ஒண்ணாக்கினீங்களா? உள்ள இருந்தது?"

"எது?"

"ஸ்கூலு."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, "இன்னொரு காப்பி வெச்சிருப்பியே. நீ ஜாக்கிரதையான ஆளாச்சே!" என்றான்.

"வெச்சிருந்தேன். அந்த இன்னொரு டிஸ்க்ல."

திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தார். நாலு வார்த்தைக்குமேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை, வந்ததெல்லாம் காற்று. ஊசியின் வேகம் இறங்கும்வரை அண்ணன் பிழைத்தான். அது இறங்கியபிறகு நடந்ததை நான் இங்கே எழுதுவதற்கில்லை.

ரிப்பேர்க்காரர் ஓடி வந்து தோண்டிப் பார்த்தார். கிடைத்தது நடனமாடும் கால்கள் கொஞ்சம், ஒலிபெருக்கி ஒன்று, பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கும் குடிநீர் அலுவலக மேலதிகாரி. அண்ணி கொடிக்குக் கீழே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரச் சட்டை ஒன்று தோளில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் நகரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக அண்ணனிடம் ஒரு யோசனையும் இல்லை.

வெகுநேரம் கழித்து அண்ணி, "சின்னது இருக்கே," என்றார். அண்ணன் கை வைக்காத டிஸ்க்கில் இலேசான நகல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்தே படத்தை முடித்தார். சின்னத் திரையில் பரவாயில்லை. பெரிய திரையில் போட்டால் பனிக்காலத்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"சொல்லாம குடுத்துடு, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் அண்ணன், உயிர் திரும்பியதும்.

"நீங்க பேசாதீங்க."

என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அண்ணி பள்ளிக்குப் போனார். படத்தைப் போடும் முன்பே தலைமையாசிரியையிடம், "அசல் எங்க வீட்டுல அழிஞ்சுபோச்சு மேடம். இது சின்ன காப்பியிலேருந்து பண்ணினது, மங்கலாத்தான் இருக்கும். வேணாம்னா சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். வரவேற்புரையில் அவர் முகம் பெரிதாக வந்தது. சுளிப்பு மெல்ல விரிந்தது.

"இது நான்தானா?"

"நீங்கதான் மேடம். அசல்ல இன்னும்..."

"அசலைப் பத்தி இனிமே பேசாதீங்க. யார்கிட்டயும்." பின்னால் இருந்த ஆசிரியைகள் ஒவ்வொருவராகத் தங்கள் முகம் வருகிற இடத்தை மறுபடி போடச் சொன்னார்கள். எல்லாருக்கும் பத்து வயது குறைந்திருந்தது.

குறை சொன்னது ஒரே ஒரு தாய்தான். நாடகத்தின் பின்வரிசையில் மர வேஷம் போட்டு நின்ற தன் மகன் எது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். எல்லா மரமும் ஒரே மாதிரி பச்சையாக இருந்தது. கடைசியில் அந்த அம்மா திரையைத் தொட்டு, "அதோ, சொறிஞ்சுக்கிட்டே நிக்குதே, அதான் எம் பையன்," என்றார். சொன்னவர் சிரித்தார். ஆனால் போகும்போது, "மூஞ்சி தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார். அண்ணி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஆண்டுவிழாப் படத்தின் புகழ் பரவி, வேறு பள்ளிகளும் அதே பவுடர் போட்ட மாதிரிப் படம் கேட்டு வந்தன. அந்தப் பவுடரைக் கண்டுபிடித்தவன் தான்தான் என்று அண்ணன் அலுவலகத்தில் சொல்லித் திரிகிறான். இணைத்த டிஸ்க்குகளை ரிப்பேர்க்காரர் பழையபடி பிரித்துக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு இப்போது கடவுச்சொல் உண்டு. அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

பவுடர் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணி ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "பெரியவங்களுக்கு மட்டும் போட்டுத் தரேன். பிள்ளைங்க மூஞ்சி தெளிவாத்தான் இருக்கும்."