வலப்பக்க ஜன்னல்

காத்மாண்டு உள்நாட்டு முனையத்தில் பொக்கராவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் எங்கள் கவுன்டரில் சீட்டு எழுதும் ஹர்கமான் தாமாங் எங்கே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வலப்பக்கம், இறக்கைக்குப் பின்னால், மூன்றாவது ஜன்னல். அங்கே உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியும் என்று அவர் சொன்னால் தெரியும்தான். மேகம் என்றால் "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, நாளைக்குப் போங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். மேலாளருக்கு அது பிடிக்காது.

இத்தனை தெரிந்த மனிதர் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. ஐந்தாறு வருஷமாக எங்களுக்கு டிக்கெட் இலவசம். அவர் பொக்கராவிலிருக்கும் அக்காவைப் பார்க்க எட்டு மணி நேரம் பஸ்ஸில்தான் போவார். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

தசைன் பண்டிகை முடிந்த வாரம் அக்கா இறந்துபோனார். அன்றே தகனம். மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. துணைக்கு நானும் கிளம்பினேன். தன் பயணச்சீட்டில் அவரே இடப்பக்க இருக்கையை எழுதினார்.

"என்னண்ணே, ஊருக்கெல்லாம் வலப்பக்கம், உங்களுக்கு மட்டும் இதுவா?"

"அந்தப் பக்கம் மனாஸ்லு மலை தெரியும்டா. சுக்மானை அங்கதானே விட்டுட்டு வந்தாங்க. என்னால பாக்க முடியாது."

சுக்மான் அவருடைய ஒரே மகன். மலையேறும் கூட்டத்துக்குச் சமைக்கப் போனவன் பனிச்சரிவில் சிக்கினான். உடல் கிடைக்காமல் அவன் சட்டையை வைத்து லாமா சடங்கு செய்ததற்கு நானும் போயிருந்தேன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

விமானத்துக்குள் பினிதா இருந்தாள். பொக்கராவில் நர்ஸ் படிப்பவள், எங்கள் கவுன்டருக்குப் பழகியவள்.

"மாமா, நீங்க போய் இந்தப் பக்கமா? மூணு வருஷமா எனக்கு நல்ல ஜன்னலாக் குடுத்தீங்க. எந்திரிங்க, இன்னிக்கு என் சீட்டு உங்களுக்கு."

"வேண்டாம்மா, இங்கயே இருக்கேன்."

"பாவம், முதல் தடவையாம்" என்றார் பின்னாலிருந்தவர். பணிப்பெண்ணும் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் என்னைப் பார்த்தார். விடும்மா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

தன் வலப்பக்க ஜன்னலில் அவரை உட்காரவைத்து, பினிதா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் நடைவழிக்கு இப்பால். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கணேஷ் மலை தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கிட்டீங்களா மாமா? அந்த ரெட்டைக் கொம்பு மலை எது?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகியவர். திரும்பிப் பார்த்துவிட்டார்.

"மனாஸ்லு."

"எவ்வளவு அழகு. இந்த நேரத்துல அதுல யாராவது இருப்பாங்களா?"

"என் பையன் இருக்கான்."

"அப்படியா? எப்ப இறங்குறாரு?"

"ஏழு வருஷமாச்சும்மா. இன்னும் இறங்கல."

அவள் முகம் வெளிறிவிட்டது. அவசரமாகக் கையை நீட்டி ஜன்னல் மறைப்பை இறக்கப் போனாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாத. தெரியுறவரைக்கும் இருக்கட்டும்."