பக்கத்துப் பெட்டியைக் காணோம்!
நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் வசிக்கும் நானும் கணவரும் போன கோடையில் வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு இரவு ரயிலில் போனோம். தண்ணீர் வாங்க அவர் பக்கத்துப் பெட்டிக்குப் போனார். ரயில் ஏதோ ஸ்டேஷனில் நின்று, குலுங்கி, மறுபடி கிளம்பியது. தேடிப் போனால் அந்தப் பெட்டியே இல்லை! கண்ணாடிக்கு வெளியே வெறும் தண்டவாளம். கனவா நிஜமா என்றே புரியவில்லை. அந்த நேரம் பார்த்து எல்லைப் போலீஸ்காரர் பாஸ்போர்ட் கேட்டார். எங்கள் இருவருடையதுமே கணவர் தோளில் மாட்டிக்கொண்டு போன பையில்! அழுதுகொண்டே போன் செய்தேன்.

"ட்ரெயினை ரெண்டா ஸ்பிளிட் பண்ணிட்டாங்களாம். நான் ரோம் போயிட்டிருக்கேன்டி!" என்றார்.

நல்லவேளை, என் போனிலிருந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் விட்டுவிட்டார். மறுநாள் மதியம்தான் கணவர் வெனிஸ் வந்து சேர்ந்தார்.

இப்போதெல்லாம் என் பாஸ்போர்ட் என் கைப்பையில்தான். ரயிலில் தாகமெடுத்தால் இருவரும் சேர்ந்தே போகிறோம்.