திருட்டுப் பிரதியைப் பழுது பார்த்த ரத்தினம்

ரத்தினம் போய்விட்டார் என்று அவர் மனைவி ஈப்போவிலிருந்து போன் செய்தபோது, கோப்பெங்கில் என் அச்சுக்கடையில் ஒரு கல்யாணக் கார்டு அடித்துக்கொண்டிருந்தேன். அவர் செய்து விற்ற தமிழ் மென்பொருளில்தான். காசு கொடுக்காத பிரதியில்தான்.

நல்ல மனிதர் என்று நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த மென்பொருளை யாரோ சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நானே பழகி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கடையில் டைப் அடிக்கப் பழக்கிவிட்டேன். ஒருநாள் கணினி படுத்துவிட்டது. மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போய், விவரம் தெரியாமல், அதை உருவாக்கியவர் கடையிலேயே இறக்கிவிட்டாள். போலீஸ் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிதான் வந்தது. பழுது பார்த்து, புதிய பதிப்பையும் ஏற்றி அனுப்பியிருந்தார்.

நன்றி சொல்லப் போனேன். அங்கே ஒரு பெரிய அச்சகக்காரரைப் போனில் காய்ச்சிக்கொண்டிருந்தார். திருட்டுப் பிரதியை விட்டுக் காசு கொடுத்து வாங்கு, இல்லாவிட்டால் வழக்கு என்று. அவனை மிரட்டுகிறாய், என்னை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“ஒங்ககிட்ட டைப் அடிக்கப் பழகுன புள்ளைங்க எங்கக்கா வேலைக்குப் போவுதுங்க? பெரிய ஆபீசுக்கு. அதுங்களுக்கு வேற கீபோர்டு வராதுலா. அந்த ஆபீஸ்காரன் என்கிட்ட வாங்கித்தான் ஆவணும்.”

“அப்ப நான் ஒன் தூண்டில்ல புழுவா?”

“புழுவா? என் கம்பெனிக்கு நீங்கதான்கா டீச்சரு. சம்பளந்தான் இல்ல.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுவாரமே உரிமம் வாங்கப் போனேன். திருடி என்ற பேரும் வேண்டாம், புழு என்ற பேரும் வேண்டாம். அவர் விற்க மறுத்துவிட்டார். நான் வாங்கினால் மற்ற சின்னக் கடைக்காரர்கள் தங்களிடமும் காசு கேட்பார் என்று பயந்து வேறொன்றுக்கு மாறிவிடுவார்களாம். அவர் மகள் கல்யாணக் கார்டை நான்தான் அடித்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

பிறகு என்னிடம் பழக வரும் பிள்ளைகள் நின்றுபோனார்கள். என்னால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அப்போதும் வந்தார். புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, பால் விடாத கோப்பி ஓ குடித்துவிட்டுப் போவார். இப்போது எதற்கு வருகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“பழகுன கை தடுமாறக் கூடாதுலாக்கா” என்றார்.

அது வியாபாரப் பேச்சா, அன்பா? இந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. கேட்க ஆளில்லை.

அவர் எனக்கு விட்டுப்போனது என் விரல்களில் இருக்கிறது. எழுத்தைப் பார்க்காமலே ஓடும். இப்போது போனில் பேசினாலே தமிழ் எழுத்தாக விழுகிறதாம். பேத்தி என் கணினியில் இருக்கும் அவர் மென்பொருளை அழித்துவிட்டு இலவசமாக வேறொன்று ஏற்றித் தருகிறேன் என்கிறாள்.

கிட்டே வராதே என்று சொல்லிவிட்டேன்.