எந்த நாலு மணி?

தவமலருக்கு வலது முழங்காலில் ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமையாகியிருந்தது. பேக்கரியில் நின்றபடியே கேக் பெட்டி மடித்துப் பழகிய கால். அதை ரொறன்ரோ மோர்னிங்சைட் அப்பாட்மென்டின் சோபாவில் நீட்டி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் லண்டனிலிருந்து தங்கச்சி சந்திரவதனா கோல் எடுத்தாள். லைன் இழுத்து இழுத்து வந்தது.

"அக்கா, நாளைக்கு நான் ரேடியோவில கதைக்கிறன். பிபிசியில. கட்டாயம் கேளுங்க."

"பிபிசியிலயா? நீயா? என்னத்தப் பத்தி கா?"

"கேட்டா விளங்கும். நாலு மணிக்கு…"

அதோடு லைன் அறுந்துவிட்டது. தவமலர் திரும்ப எடுத்துப் பார்த்தாள். வதனா எடுக்கவில்லை.

எதைப் பற்றி இருக்கும் என்று தவமலருக்கு ஓர் ஊகம் இருந்தது. போன வருஷத்திலிருந்து வதனா வியாழக்கிழமைகளில் நாடகம் பழகப் போகிறாள். அன்றைக்கு மட்டும் கோல் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் இதென்ன கூத்து என்று தவமலர் அப்போது சிரித்தாள். இப்போது பார்த்தால் தங்கச்சி ரேடியோ நாடகம் வரைக்கும் போய்விட்டாள்!

ஆனால் எந்த நாலு மணி? லண்டன் நாலு மணி என்றால் ரொறன்ரோவில் காலை பதினொன்று. ரொறன்ரோ நாலு மணி என்றால் அங்கே இரவாகிவிடும். வதனா மணியை மாற்றிச் சொன்னாளா, மாற்றாமல் சொன்னாளா? எதற்கும் விடியவே தொடங்கிவிடுவோம் என்று தவமலர் முடிவெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மகள் தனுசியாவுக்கு பிறம்ரன் நகரில் வேலை இருந்தது. வெளிக்கிடும் அவசரத்தில் ஐபேடைத் தட்டி, லண்டன் ரேடியோவைப் போட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, டோன்ட் டச் எனிதிங், ஓகே? அது தானாப் பாடும்."

பாடவில்லை, பேசிற்று. முதலில் செய்தி. பிறகு ஒருவர் ரோசாச் செடிக்கு எப்போது கொப்பு வெட்டுவது என்று கேட்க, நாலைந்து பேர் நாலைந்து விதமாகச் சொல்லி, சபை சிரித்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தவமலருக்குப் பிடிபடவில்லை. வேலையிடத்து ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஆங்கிலமோ பேசுகிறவர்களின் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது.

தேத்தண்ணி போட்டுக்கொண்டு ஒரு கையால் வோக்கரைப் பிடித்து மெல்ல வந்தபோது, ரேடியோவில் ஒரு பெண் கதறிக்கொண்டிருந்தாள். "என் பிள்ளையைத் திருப்பித் தா!" எங்கேயோ குண்டு வெடித்துவிட்டது, அல்லது ஆற்றில் பஸ் கவிழ்ந்துவிட்டது என்று தவமலர் நினைத்தாள். கப்பை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். கதவு ஒன்று கிறீச்சிட்டது. சங்கீதம் எழும்பிற்று. நடித்தவர்களின் பெயர்களை ஒருவர் வாசித்தார். அடக் கடவுளே, நாடகம்!

அடுத்தாற்போல் ஒருவர் வெள்ளத்தில் ஒரு பாலமே போய்விட்டதாகச் சொன்னார். இந்த முறை ஏமாறக்கூடாது என்று தவமலர் நிதானமாகத் தேத்தண்ணியைக் குடித்தாள். அது உண்மைச் செய்தி என்பது பாதிக் கப் முடிந்த பிறகுதான் விளங்கிற்று.

பதினொரு மணிக்கு யாரோ இருவர் ஒரு பழைய புத்தகத்தைப் பற்றி வாதாடினார்கள். வதனா இல்லை. மத்தியானம் ஒருவர், பெயர் மாதிரியான சொற்களாக ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டே போனார். செத்தவர்களின் பெயர்களா? இடையில் காற்று, மழை, "குட்" என்றெல்லாம் வந்தது. செத்தவர்களுக்கு எதற்கு "குட்"? அது கடலில் போகும் கப்பல்காரருக்கான காலநிலை அறிவிப்பு என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு கிறிஸ்தவக் கோயில் பாட்டு. பிறகு மாடு கத்தியது. மாட்டுக்காரக் குடும்பத்தில் ஏதோ சண்டை, ஒரு பெண்பிள்ளை கதவை அடித்துச் சாத்தினாள்.

இப்படியே குழம்பிக் குழம்பி, கடைசியில் தவமலர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். பேச்சுக்குப் பின்னால் சங்கீதம் கேட்டால் நாடகம், கேட்காவிட்டால் உண்மை. அதற்குப் பிறகு மனசு கொஞ்சம் ஆறிற்று.

நாலு மணியடிக்க, ரேடியோவில் பியானோ மெல்லக் கேட்டது. அதற்கு மேலே, தண்ணீரில் மிதப்பதுபோல ஒரு குரல். வதனாவேதான்!

"ஆஸ்பத்திரிக்கு எப்போதும் பஸ்ஸில்தான் போவேன்," என்றாள் வதனா, நிறுத்தி நிறுத்தி, அழகான ஆங்கிலத்தில். "மேல்தட்டில், முன் சீட்டில் இருப்பேன். அங்கே இருந்தால் நான் நோயாளி இல்லை, ஊர் பார்க்க வந்தவள்."

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன மாதிரி நடிக்கிறாள்! மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது தலைமயிர் கொத்தாகக் கையோடு வந்ததைச் சொன்னாள். மார்பில் கத்தி வைத்த பிறகு கண்ணாடியைத் துணியால் மூடியதைச் சொன்னாள். பியானோ விடாமல் வாசித்தது.

"எனக்குக் கனடாவில் ஓர் அக்கா இருக்கிறா. அவவுக்கு நான் சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் இதே புற்றுநோயில்தான் போனா. அக்காதான் பக்கத்தில் இருந்து பார்த்தவ. திரும்பவும் அவவை அந்தக் கட்டிலடியில் இருத்த எனக்கு மனம் வரவில்லை."

தவமலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே கோபமும் வந்தது. நாடகத்துக்கு ஆயிரம் கதை இருக்க, நம்மட அம்மாட கதையையா எடுத்துப் போடுவது?

முடிந்த கையோடு ஃபோன் அடித்தது.

"கேட்டீங்களா அக்கா?"

"கேட்டனே! எவ்வளவு நல்லா நடிச்சிருக்காய்! கண்ணால தண்ணி வந்திட்டுது. ஆனா அம்மாட கதையை ஏன் கா சேர்த்தாய்? அது சரியில்லை."

லைன் அறுந்துவிட்டதோ என்று தவமலர் ஃபோனைப் பார்த்தாள்.

"அக்கா, அது நாடகம் இல்லை."

"பின்ன? பின்னால பியானோ வாசிச்சுதே!"

"அது அவங்க பிறகு சேர்த்தது. சொன்னது என்ட கதை. எனக்குத்தான் வந்தது."

"வியாழக்கிழமை நாடகம் பழகப் போறன் எண்டாய்…"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போனன்."

தவமலர் காலை மறந்து எழும்பினாள். முழங்கால் குத்தென்று இழுக்க, அப்படியே தொப்பென்று இருந்தாள்.

"இப்ப? இப்ப என்ன மாதிரி?"

"இப்ப ஒண்டும் இல்லை அக்கா. போன மாசம் ஸ்கேன் எடுத்துப் பார்த்திட்டுச் சுகம் எண்டு சொல்லிட்டாங்க. அதுக்குப் பிறகுதான் கதைக்கத் துணிவு வந்தது."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இங்கிலாந்துச் சனத்துக்கு முழுக்கச் சொல்லியிருக்காய்!"

"அவங்கட முகம் எனக்குத் தெரியாதே. உங்கட முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுறது?"

ரேடியோ அதுபாட்டுக்கு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய், ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதைத் தட்டினால் நிற்கும் என்று தவமலருக்குத் தெரியவில்லை. குஷனை எடுத்து ஐபேடுக்கு மேலே போட்டு அமத்தினாள். தங்கச்சி பிழைத்துவிட்டாள் என்று கும்பிடுவதா, இத்தனை நாள் ஏமாற்றியதற்கு வாயில் வந்தபடி பேசுவதா? இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"ஆர் உனக்குச் சமைச்சுத் தந்தது?"

"பக்கத்து வீட்டு ஸ்டெபனி. ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுவருவாள்."

"சூப்பா?" தவமலருக்கு முன்பின் தெரியாத அந்த ஸ்டெபனி மேல் எரிச்சல் வந்தது. மறுகணமே அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றவேண்டும் போலவும் இருந்தது. "வதனா, இங்க பார். உந்த இங்கிலீசு எனக்குச் சரியா விளங்கேல்லை. முதல்ல இருந்து சொல்லு. தமிழில சொல்லு."

வதனா சொன்னாள். தமிழில் அது வேறு கதையாக இருந்தது. பஸ் இல்லை, முன் சீட்டு இல்லை. பயமாயிருந்தது அக்கா, பயமாயிருந்தது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தவமலர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனுசியா வேலை முடிந்து வந்தபோது தாய் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"சின்னம்மா ரேடியோவில வந்தவாவா?"

"வந்தவள்."

"சோ, என்ன சொன்னவா?"

தவமலர் சோபாவில் விலகி மகளுக்கு இடம் விட்டாள்.

"இருந்து ஆறுதலாச் சொல்லுறன். அதுக்கு முதல், நாளைக்கு பிசியோவுக்குப் போகேக்குள்ள ஒண்டு கேட்டுத் தா மகள். இந்தக் காலோட பிளேனில லண்டன் வரைக்கும் இருந்து போகேலுமா எண்டு."