மடக்கு மேசை

பள்ளிக்கரணை வீட்டில் படுக்கையறையின் ஒரு மூலைதான் எனக்கு ஆபீஸ். அங்கே மேசை போட வந்த தச்சர் ஒல்லியான மனிதர். காதிடுக்கில் பென்சில், புருவத்தில் மரத்தூள். டேப்பை எடுப்பதற்கு முன் அந்த மூலையில் போய்ச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார்.

நான் சாதாரண மேசைதான் கேட்டிருந்தேன். அவரோ கீல் வைத்து, சுவரோடு மடங்கும்படி செய்துவிட்டார்.

“நான் இப்படிச் சொல்லலையே?”

“வேல முடிஞ்சா மடக்கிடு சார். அப்பதான் இது வூடு. எனக்கு வூடும் பட்டறையும் ஒரே ரூமு. துன்ற சோத்துலயும் மரத்தூள் கீது. அத எங்க மடக்குறது?”

ஆறு மாதம் கழித்து, அலமாரி வேலைக்கு மறுபடி வந்த தச்சர் கீலுக்கு எண்ணெய் விடக் குனிந்தார். மேசைமேல் மானிட்டரைத் திருகி இறுக்கியிருந்தேன். பக்கத்தில் பிரிண்டர், மாத்திரை டப்பா, முந்தின நாள் காபி டம்ளர். கீலை விரலால் தடவினார். புதிதாகவே இருந்தது.

“இதுக்கு எண்ண தேவப்படாது சார்” என்று புட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அது வருத்தமா, வெறும் தொழில் பேச்சா என்று இன்னும் யோசிக்கிறேன், அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு.